பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

செட்டிகுளத்தில் ஒருவர் வீட்டுக்கு ஸ்பீக்கர் செற் ஒன்று வாங்க நினைத்தால், பெரும்பாலும் மூன்று வழிகள்தான். பஸ் ஏறி வவுனியா ரவுனுக்குப் போய், கடைத்தட்டில் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருப்பதில் ஒன்றைப் பிடிக்கலாம். கைபேசியில் படம் பார்த்து ஓடர் போட்டு, பொருள் வாசலுக்கு வந்ததும் காசு கொடுக்கலாம். இல்லாவிட்டால் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வரும்வரை காத்திருக்கலாம். பின்னைய இரண்டிலும் கேட்டுப் பார்க்க வழி இல்லை. முதலாவதில் கேட்டுத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பைத்தான் முதலில் உரசிப் பார்க்க வேண்டும்.

கடையில் என்ன நடக்கிறது? விற்பனையாளர் தமக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுகிறார். சத்தத்தைக் கூட்டுகிறார். நெஞ்சு அதிர்கிறது. வாங்குபவரும் தலையை ஆட்டிவிடுகிறார். சத்தத்தைக் கூட்டுவதற்குப் பின்னால் ஒரு பழைய அறிவியல் இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும், மனிதக் காது எல்லா மீடிறன்களையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த மீடிறன்கள், அதாவது தவிலின் தொப்பியும் பறையின் அடியும் இருக்கும் பகுதி, காதுக்கு மிகவும் மங்கிப்போகும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்தப் பகுதி மற்றதைவிட வேகமாக எழுந்து வரும். அதனால் எந்த செற்றையும் உரக்கப் போட்டால் அது ‘நிறைந்து’ ஒலிக்கும். அதே செற்றை இரவு எட்டு மணிக்கு, பிள்ளைகள் படிக்கும் வீட்டில், தாழ்த்திப் போட்டால் அந்த நிறைவைக் காணோம். செற் மாறவில்லை. உங்கள் காது தன் வழமையான வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு செற்றுகளை ஒப்பிடும்போது இந்தக் கோளாறு இன்னும் கூடும். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் உரத்திருந்தாலே, அதை ‘உரத்தது’ என்று நாம் உணர்வதில்லை. ‘தெளிவானது’, ‘நல்லது’ என்றுதான் உணர்கிறோம். போதாததற்கு, ஒலியின் நுண்ணிய சாயலை மூளை சில வினாடிகளுக்கு மேல் அப்படியே வைத்திருப்பதில்லை. ஒரு கடையில் கேட்டதை மனதில் வைத்து அடுத்த கடையில் கேட்பதோடு ஒப்பிடுகிறேன் என்பவர், கேட்ட ஒலியை ஒப்பிடவில்லை. அதைப் பற்றித் தமக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தையைத்தான் ஒப்பிடுகிறார்.

காதைவிடப் பெரிய குழப்படிக்காரன் கண். இதை ஒழுங்காகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஃபுளோயிட் டூல். 1965 முதல் 1991 வரை ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஆய்வுச் சபையில் வேலை செய்து, பிறகு அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போன ஒலியியலாளர் இவர். அங்கே ஷோன் ஒலிவ் என்பவரோடு சேர்ந்து 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். முதலில் ஒலி கடந்துபோகும் ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாத திரைக்குப் பின்னால் அவற்றை வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு திரையை எடுத்துவிட்டு, அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்களுக்குக் காட்டிக் கேட்கவைத்தார்கள். திரை மறைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான செற், கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. பெரிய, விலையுயர்ந்த, பளபளப்பான பெட்டிகள் மேலே ஏறின. இன்னொன்றும் நடந்தது. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையிலேயே மாறுகிறது. திரைக்குப் பின்னால் அந்த மாற்றத்தை நன்றாகப் பிடித்தவர்கள், கண்ணால் பார்த்தபோது அதை அவ்வளவாகக் கவனிக்கவே இல்லை. கேட்டவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல, அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஸ்பீக்கரோடு பிழைப்பவர்கள்.

ஹார்மனும் ஸ்பீக்கர் விற்கும் கம்பனிதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை எப்படிச் செய்யப்பட்டது என்பதை அவர்கள் பகிரங்கமாக எழுதிவைத்தார்கள். ஒலிவ் 2004இல் இன்னும் ஒரு படி மேலே போனார். 70 ஸ்பீக்கர்களை எதிரொலி இல்லாத அறையில் எல்லாப் பக்கமும் அளந்து, அந்த எண்களை மட்டும் வைத்து, ‘மக்கள் திரைக்குப் பின்னால் எதை விரும்புவார்கள்’ என்று முன்கூட்டியே கணித்தார். கணிப்புக்கும் உண்மையான விருப்பத்துக்கும் இருந்த இணைவு 0.86. முழுப் பொருத்தம் என்றால் 1. கணிப்பின் சாரம் மிக எளிது: எல்லா மீடிறன்களையும் மேடுபள்ளம் இல்லாமல் ஒரே அளவில் தரும் ஸ்பீக்கரை, அது பக்கவாட்டில் அனுப்பும் ஒலியும் அதே சீரோடு இருந்தால், ஆண் பெண், பழகிய காது பழகாத காது என்ற பேதமில்லாமல் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள்.

ஆக, கேட்காமல் வாங்குவது முட்டாள்தனம் அல்ல. சரியான அளவீடு கையில் இருந்தால், கடையில் பத்து நிமிடம் நின்று கேட்பதைவிட அதுவே நம்பகமானது. சிக்கல் என்னவென்றால், நமது சந்தையில் விற்கும் செற்றுகள் பலவற்றுக்கு அந்த அளவீடு கிடைக்காது. பெட்டியில் ‘20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை’ என்று இருக்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. 20 ஹேர்ட்ஸில் கொசு பறக்கும் அளவுக்கு ஒலித்தாலும் ‘20 ஹேர்ட்ஸ் முதல்’ என்று அச்சடிக்கலாம். அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது.

இதைவிட மோசமானது வொட் கணக்கு. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘5000 வொட் பி.எம்.பி.ஓ.’ என்று இருக்கும். பி.எம்.பி.ஓ. என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. ஒரு கணத்தின் சிறு துளியில், எந்தத் திரிபையும் பொருட்படுத்தாமல், எல்லாச் சுற்றையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஆசையையும் சேர்த்து எழுதுகிற எண் அது. அதே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகே ஒரு சின்னத் தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 40 வொட். சுவரிலிருந்து 40 வொட் எடுக்கும் கருவி 5000 வொட்டை எங்கிருந்து கொடுக்கும்? அந்தத் தகட்டு எண்ணை அளக்கும் முறை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். நல்ல அம்ப்ளிஃபயரில் உண்மையான வெளியீடு அதைவிட இரண்டு மூன்று மடங்கு முன்பின்னாக இருப்பதும் உண்டு. நூற்றியிருபத்தைந்து மடங்கு இருக்காது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதிய எண் இருந்தால், ஓரளவு அதை நம்பலாம்.

உண்மையில் எத்தனை வொட் தேவை? இந்தக் கேள்விக்கு வன்னியில் ஒரு தலைமுறையே பதில் வைத்திருக்கிறது. 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஓமந்தைக்கு வடக்கேயும் யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவும் ரேப் றெக்கோடரும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ ஒன்றின் அளவு 6 வோல்ட், 3 வொட். அதிலும் ஒரு பங்கு டயோட்டிலும் சுற்றிலும் வீணாகும். மிஞ்சியதில் ஒரு முற்றமே செய்தி கேட்டது.

கணக்கும் அதையே சொல்கிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 88 டெசிபல் என்று வையுங்கள். ஒரு வொட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி 88 டெசிபல் ஒலிக்கும் என்பது அதன் பொருள். இருவர் பக்கத்தில் இருந்து பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் மூன்று மீற்றர் தள்ளி நின்றாலும் அந்த ஒரு வொட் இன்னும் 78 டெசிபலாக வந்து சேரும். அறைக்குள் அதைவிடக் கூடவே இருக்கும். வொட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல், ‘கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள் போல’ என்று தோன்றும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு உரமாகத் தோன்ற வேண்டுமென்றால் வொட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே 30 வொட் செற்றுக்கும் 60 வொட் செற்றுக்கும் இடையில் பணத்தைக் கொட்டுவதைவிட, 85 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 91 டெசிபல் ஸ்பீக்கரை எடுப்பது புத்தி. அது வொட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். விற்பனையாளர் யாரும் இந்த எண்ணைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால்தான் தேடுவார்.

அடிச்சத்தம் பற்றி ஒரு கசப்பான விதி இருக்கிறது. ஆழமான அடிச்சத்தம், சிறிய பெட்டி, குறைந்த வொட்டில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரில் பெறலாம்; மூன்றையும் பெற முடியாது. கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹொஃப்மனின் பெயரில் இதை ‘இரும்பு விதி’ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சட் ஸ்மோல் 1970களிலும் இதற்கான கணிதத்தை ஒழுங்குபடுத்தினார்கள். தேங்காய் அளவுப் பெட்டி ஒன்று ‘பூமி அதிரும் பாஸ்’ தருகிறது என்றால், அது பெரும்பாலும் 80, 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரே ஒரு சுருதியில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ‘டும்’. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில்கூட ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பது வேறு கதை: அடிப்படை மீடிறன் வராவிட்டாலும் அதன் மடங்குகளைக் கேட்டு மூளை இல்லாததை இட்டு நிரப்பிக்கொள்கிறது. காது இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதால்தான் மோசமான செற்றுகளும் விலைபோகின்றன.

இனி வீடு. கடையில் கேட்டது கடையின் அறையை. நீங்கள் கேட்கப்போவது உங்கள் அறையை. அறை எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று முதலில் கணக்குப் போட்டவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வோலஸ் சேபின். 1895இல் அங்கே ஃபொக் விரிவுரை மண்டபத்தில் பேச்சு எதுவும் விளங்கவில்லை. வாயை மூடி ஐந்தரை வினாடி கழிந்தும் ஒலி சுழன்றுகொண்டிருந்தது. சேபின் இரவிரவாகப் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். அவர் உறிஞ்சலுக்கு அலகாக எடுத்துக்கொண்டது திறந்த யன்னலை. வெளியே போன ஒலி திரும்பி வராது. அதைவிட முழுமையான உறிஞ்சல் வேறு எது?

செட்டிகுளத்து வீட்டுக்கு சேபினின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சீமெந்துக் கல் சுவரும் பூசிய தரையும் சாதாரணம். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி, மேலே தட்டு அடித்த ஒரு வெறும் அறை. கனவளவு ஏறத்தாழ 34 கன மீற்றர். பூசிய சீமெந்து தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கைத்தான் விழுங்கும். கதவு யன்னல்களை மூடினால் எதிர்முழக்கம் மூன்றரை வினாடி அளவுக்குப் போகும். ஒரு கோவிலின் கல்மண்டபம் போல. கதவும் இரண்டு யன்னல்களும் திறந்து, நான்கு சதுர மீற்றர் வெளி கிடைத்தால் அது ஒரு வினாடியாக இறங்கும். கட்டில், மெத்தை, நாலு பேர் உள்ளே வந்தால் இன்னும் குறையும். ஐம்பதாயிரம் ரூபா கூடக் கொடுத்து வாங்கும் செற் தராத தெளிவை, யன்னலைத் திறந்தால் காசில்லாமல் பெறலாம். ஓட்டுக்குக் கீழே தட்டு அடிக்காத வீடென்றால் ஒலி சுவருக்கு மேலால் மற்ற அறைகளுக்கும் தப்பிப்போகும்; ஒலிக்கு அது நல்லது, படிக்கும் பிள்ளைக்கு நல்லதல்ல.

தாழ்ந்த மீடிறனில் அறை வேறு விதமாகக் குழப்பும். 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடுகிறது. 12 அடி நீளத்துக்குள் அரை அலை சரியாகப் பொருந்துவது 48 ஹேர்ட்ஸில், 10 அடி அகலத்தில் 57 ஹேர்ட்ஸில். அந்தச் சுருதிகள் சுவரோரம் இருப்பவருக்கு இடியாகவும், அறை நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் கேட்கும். ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளினால் முழக்கம் கூடும். இரண்டு மூன்று அடி வெளியே இழுத்தால் தணியும். மெல்லிய திரைச்சீலை இதற்கு உதவாது. 100 ஹேர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீற்றர்; சேலைத் துணியை அது கண்டுகொள்ளவே மாட்டாது. துணி அடக்குவது 5000 ஹேர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையைத்தான். ஆகவே ‘பாஸ் சரியில்லை’ என்று செற்றை மாற்றுவதற்கு முன், கதிரையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு செற்றுக்கு வருவோம். கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சித்தப்பா கொண்டுவந்த அம்ப்ளிஃபயரின் பிளக்கை மட்டும் மாற்றிச் சுவரில் செருகினால், பல சமயம் முதல் பாட்டு முடிவதற்குள் புகை வரும். பின்தகட்டில் ‘100–240’ என்று இருந்தால் பயமில்லை. ‘120’ மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் நிலைமாற்றி வேண்டும். அதுவும் தகட்டில் உள்ள வொட்டுக்கு மேலே போதிய இடைவெளியோடு இருக்க வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்கு என்று கட்டிய பழைய கனத்த கருவி 50இல் கூடுதலாகச் சூடேறும். பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை, பிளக் மட்டும் சிலவேளை வேறாக இருக்கும். அப்பாவுக்கு எதையாவது வாங்கி அனுப்பத் துடிக்கும் ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு என் அபிப்பிராயம்: அங்கிருந்து சுமக்காதீர்கள். காசை அனுப்புங்கள்.

பழைய செற் வாங்குபவர்கள் ஸ்பீக்கரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சு என்றால், நம் ஈரக்காற்றிலும் வெயிலிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அது பிஸ்கற் போல் உதிரும். றப்பர் வளையம் அதைவிட நெடுங்காலம் தாங்கும். படத்தில் பார்த்து வாங்குவதென்றால் வலைமூடியைக் கழற்றிவிட்டு அருகில் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். தூக்கிப் பார்த்துப் பாரத்தை வைத்துத் தரம் சொல்லும் பழைய வழக்கம் அம்ப்ளிஃபயர் விடயத்தில் இப்போது செல்லாது. கனத்த நிலைமாற்றி போய், இலேசான மின்வழங்கிகள் வந்துவிட்டன. மரப்பெட்டிக்கு அது இன்னும் செல்லும்.

பொருள் வந்து சேர்ந்ததும் முதலில் பாட்டைப் போடாதீர்கள். வானொலிச் செய்தியை, நீங்கள் நாளும் கேட்கும் ஆண்குரல் ஒன்றை, பேசும் அளவுச் சத்தத்தில் போடுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பதில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தாலோ மூக்கால் வந்தாலோ அந்த செற் சரியில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை. இடத்தை மாற்றியும் மாறாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். அதற்காகத்தான் வாங்கும் முன்பே எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று எழுத்தில் கேட்டுவைப்பதும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டு எண் 1977.

ஓடர் போடுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: பின்தகட்டின் படம், ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபல், திருப்பிக் கொடுக்கும் காலம் எவ்வளவு. உணர்திறன் தெரியாது என்றால் மன்னிக்கலாம், பலருக்கும் தெரியாது. பின்தகட்டின் படத்தை அனுப்ப மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.